ஆட்டோவின் பலகை சீட்

என் மகள் மற்ற பிள்ளைகளை அழவைக்கிறாள் என்று முதன்முதலாக ஒருத்தி எங்கள் வாசலில் வந்து சொன்னபோது, என் கணவர் பெருமைப்பட்டார். பொய்யில்லை, பெருமைதான். அவள் போனதும் சோபாவில் சாய்ந்துகொண்டு, "லீடர்ஷிப் குவாலிட்டி. நம்ம ரத்தம்," என்றார். ரத்தமாம். மேனேஜர் போன் செய்தால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நிற்கிற ரத்தம்.

வந்து சொன்னவள் அடுத்த தெருவில் மாடி போர்ஷனில் குடியிருப்பவள். சொந்த ஊர் படப்பை. அவள் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை என்பதால் பேச்சுக்கும் பஞ்சாயத்துக்கும் அவள்தான் வருவாள். அவள் மகளும் என் மகளும் தாம்பரத்தில் ஒரே பள்ளி, ஆறாம் வகுப்பு, போய்வருவது ஒரே ஆட்டோ. அந்தப் பெண்ணுக்குத் திக்குவாய். பேச ஆரம்பித்ததும் முதல் எழுத்திலேயே வார்த்தை மாட்டிக்கொள்ளும். கண்ணை இறுக்கி மூடி, தாடையை முன்னால் தள்ளி, எப்படியாவது அதை வெளியே கொண்டுவந்துவிடுவாள். கொஞ்சம் பொறுத்தால் போதும், எல்லாம் வரும்.

"உங்க பொண்ணு எம்பொண்ணு மாதிரியே பேசிக் காட்டுதாம்ங்க. ஆட்டோல எல்லாரும் சிரிக்கிறாங்களாம். கொஞ்சம் சொல்லி வைங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சும்மா ஃபன்மா. அவளே சிரிப்பா," என்றாள், கையிலிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டே. எங்கள் அபார்ட்மென்டில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் புலம்பினேன். ஒருத்தி, இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்றாள். இன்னொருத்தி, மெத்தப் படித்தவள், "அந்தப் பொண்ண ஸ்பீச் தெரபிக்கு அனுப்பச் சொல்லுங்களேன்," என்றாள். ஆகா, என்ன ஒரு மூளை! அடித்தவள் வீட்டில் முறுக்குத் தின்னட்டும், அடிவாங்கியவள் வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டும்.

நானும் அதோடு விட்டிருப்பேனோ என்னவோ. ஒருநாள் காலையில் என் ஸ்கூட்டி பஞ்சர். பெருங்குடி ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் வரைக்குமாவது போய்விடலாம் என்று பிள்ளைகளின் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். பள்ளிக்கூட ஆட்டோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் ஒரு ராஜாங்கமே நடக்கும். பின் சீட்டில் ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் பெரிய மனிதர்கள். நடுவில் நசுங்குகிறவர்கள் குடிமக்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பின் சீட்டைப் பார்த்த மாதிரி, ஒரு ஒல்லிப் பலகை போட்டிருப்பார்கள். பிரேக் அடித்தால் அதில் இருக்கிறவர்களின் முழங்காலும் எதிரில் இருக்கிறவர்களின் முழங்காலும் இடித்துக்கொள்ளும். எல்லாருடைய பையும் அவர்கள் மடியில். அந்தப் பலகையில் அந்தத் திக்குவாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் யார் என்று சொல்லவும் வேண்டுமா.

கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. விளக்குக்குப் பக்கத்தில் எண்கள் குறையத் தொடங்கின. என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆட்டம் இதுதான்: அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் தருவாள். எண் முடிந்து பச்சை விழுவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவர்கள் மறுநாள் பலகையில். கேட்பதற்கு நியாயமான விளையாட்டு. மற்றவர்களுக்கு "நாளைக்கு லீவு" என்கிற மாதிரி இரண்டு வார்த்தை. அந்தப் பெண்ணுக்கு மட்டும், "பச்சைப் பாவாடை போட்ட பாப்பா பஸ்ல போனா." அவளுக்குப் 'ப'தான் பெரிய மலை என்று என் மகள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வகுப்புப் பாடத்தில் இத்தனை கவனம் இருந்திருந்தால் மாநிலத்தில் முதலாவதாக வந்திருப்பாள்.

"ப... ப... ப..." என்றாள் அந்தப் பெண். மற்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எண்களை உரக்கக் கத்தினார்கள். பச்சை விழுந்தது. "அவுட்!" என்றாள் என் மகள். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினாள், தாடையை முன்னால் தள்ளினாள், கழுத்து நரம்பு புடைக்க, "ப... ப... ப..." என்றாள். பிள்ளைகள் உருண்டார்கள். கண்ணாடியில் டிரைவர்கூடச் சிரித்தார். என் தொண்டை வரைக்கும் ஒரு சிரிப்பு வந்தது, அவ்வளவு கச்சிதம். அம்மா முன்னாலேயே இதைச் செய்கிறோமே என்கிற கூச்சம் அவளுக்குத் துளியும் இல்லை. செய்து முடித்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். கைதட்டுவேன் என்று எதிர்பார்த்தாள்.

அன்று மாலை நான் போட்ட கூச்சலில் கீழ் வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். இப்போது என் கணவருக்கு நிலைமை புரிந்துவிட்டது. அதாவது, அக்கம்பக்கத்தில் பேர் கெட்டுவிடும் என்பது புரிந்துவிட்டது. "நானே டீல் பண்றேன்," என்றார். அவர் எதையாவது டீல் பண்ணினால் அதில் கேக் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்த மாடி போர்ஷனுக்குப் போனோம். என் கையில் தட்டு நிறையப் பழம். என் கணவர் கையில் சாரி என்று கிரீமில் எழுதிய கேக். மகள் கையில் அவள் உயரத்தில் பாதி இருக்கிற கரடி பொம்மை. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தோம், வெட்கங்கெட்டவர்கள். அந்தப் பெண் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. இழுத்துக்கொண்டு வந்து நிற்கவைத்தார்கள். என் மகள் ஒப்பிக்கிற குரலில் "சாரி" என்றாள். என் கணவர், "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், மறுபடி சொல்லு," என்று செல்போனைத் தூக்கினார்.

"சாரி சொல்றதுக்கு எதுக்குங்க போட்டோ?" என்றாள் அந்த அம்மா.

அவர் எடுத்துவிட்டார். நாங்கள் படி இறங்குவதற்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. 'எங்கள் இளவரசிக்கு நற்பண்புகளைக் கற்றுத்தருகிறோம்' என்று ஒரு வரி, கூப்பிய கை பொம்மை மூன்று. அவருடைய அக்கா இதயம் போட்டாள். யாரோ ஒரு மகானுபாவன் 'வாழ்த்துகள்' என்று போட்டிருந்தான்.

மறுநாள் ஆட்டோவில் இளவரசி ஆணையிட்டாள்: வீட்டில் போய்ப் போட்டுக்கொடுத்தவளோடு யாரும் பேசக்கூடாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அம்மா இரண்டாவது முறையாக வந்தாள். இந்த முறை கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஆட்டோல யாரும் எம்பொண்ணுகூடப் பேசக்கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லிருக்காம், டிரைவர் சொன்னாரு. இப்ப இவ வீட்லயும் பேச மாட்டேங்கிறா. தண்ணி வேணும்னா சொம்பக் காட்டுறா. அவங்கப்பா நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கெஞ்சுறாரு, வாயத் தொறக்கல. மிஸ் அட்டெண்டன்ஸ் கூப்ட்டாலும் கைய மட்டும் தூக்குறாளாம்." முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "பரீட்சை முடிஞ்சதும் டி.சி. வாங்கிக்கிட்டு படப்பைக்கே போயிடலாம்னு இருக்கோம். அங்க எங்க அண்ணன் வீடு இருக்கு. உங்க பொண்ண ஒண்ணும் சொல்லலைங்க. எம்பொண்ணு பேசினா போதும் எனக்கு."

நான் அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு குழந்தை பேச்சையே நிறுத்திவிட்டது, நாங்கள் கொடுத்த கரடி பொம்மை அவர்கள் வீட்டு பீரோ மேல் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருக்கும்.

பள்ளியில் ஆலோசகர் அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று போய்ப் பார்த்தேன். ஏசி அறை, மேஜையில் நிறம் நிறமாக ஸ்டிக்கர். என் மகள் யாரையும் கிண்டல் செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் ஃப்ரிட்ஜில் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டுமாம். வாரம் முழுக்க நட்சத்திரம் வந்தால் அவளுக்குப் பிடித்ததை வாங்கித்தர வேண்டுமாம். ஒட்டினேன். முதல் வாரமே என் மகள் முழு நட்சத்திரங்களோடு பீட்சா கேட்டாள். ஆட்டோவில் யாரும் அந்தப் பெண்ணோடு பேசுவதில்லை, அதனால் கிண்டலும் இல்லை, கணக்கு சரிதானே என்றாள். பீட்சாவுக்காக வாயை மூடுகிறவள் பீட்சா தீர்ந்ததும் திறப்பாள் என்று அத்தனை படித்த அந்த ஆலோசகருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. நட்சத்திரங்களைச் சுரண்டி எடுத்தேன். பசை இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

விஷயம் ஆட்டோவில் இல்லை, எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. என் கணவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய அக்கா குடும்பம் வரும். பிரியாணி முடிந்ததும் ஆளுக்கு ஒருவரைப் போலப் பேசி நடித்துக் காட்ட வேண்டும்; அங்கே அதற்குப் பெயர் 'செய்வது'. எங்கள் அபார்ட்மென்டின் வடநாட்டு செக்யூரிட்டி தமிழ் பேசுவதை என் கணவர் செய்வார். கால் விந்தி நடக்கிற இஸ்திரிக்காரரை அக்கா வீட்டுக்காரர் செய்வார். அக்கா தன் மாமியாரைச் செய்வாள். நன்றாகச் செய்பவர்கள் அந்தக் குடும்பத்தில் புத்திசாலிகள். கல்யாணமான புதிதில் எனக்கு அது வரவில்லை என்று என்னை மக்கு என்றார்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தயிர்ப் பச்சடி ஒரு பக்கம், ஊர்க்காரர்களின் மானம் இன்னொரு பக்கம். என் மகள் மூன்று வயதில் பால்காரரைச் செய்துகாட்டியபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று தொடங்கிய படிப்பு அது.

அந்த ஞாயிறு என் கணவர் செக்யூரிட்டியைச் செய்தார். எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? எனக்குப் புரியல, கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க," என்றேன்.

"என்னடி, அவன் தமிழ் பேசுறது..."

"ஆமா, பேசுறார். வந்து ஒரு வருஷத்துல தமிழ் பேசுறார். அதுல?"

"உச்சரிப்புடி..."

"உச்சரிப்புல?"

விளக்கிப் பாருங்கள், தெரியும். எந்தக் கேலியையும் இரண்டு முறை விளக்கச் சொன்னால் அது செத்த எலி மாதிரி மேஜை மேல் கிடக்கும். அக்கா கையைக் கழுவப் போய்விட்டாள். "வீடா இது, சாவு வீடு மாதிரி ஆக்கிட்டே," என்று கத்தினார் என் கணவர். நான் ஒவ்வொரு வேளையும் இதையே செய்தேன். யார் யாரைச் செய்தாலும், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, விளக்கம் கேட்டேன். மகள் செய்தாலும் கேட்டேன். அவளுக்குக் கை தட்ட ஆள் குறைந்தது.

அதோடு தினமும் காலையில் அந்த ஆட்டோவில் ஏறிப் பலகை சீட்டில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணை எழுப்பி ஜன்னலோரம் அனுப்பினேன், என் மகளை நடுவில் தள்ளினேன். என் இடுப்புக்கும் அந்தப் பலகைக்கும் சம்பந்தமே இல்லை. "இன்னா மேடம், டெய்லி வந்துகினு கீறீங்க? பசங்களுக்கே எடம் இல்ல," என்று டிரைவர் அலுத்துக்கொண்டார். "எனக்குக் கீது," என்றேன். மகளுக்கு அவமானம். "மத்தவங்க அம்மா எல்லாம் இப்படி வர்றாங்களா?" என்று அழுதாள். "மத்தவங்க பொண்ணு எல்லாம் உன்ன மாதிரி இருக்காங்களா?" என்றேன். சிக்னலில் ஒருவரும் எண்களைக் கத்தவில்லை. அந்தப் பெண்ணும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் காவல் இருக்கத்தான் முடிந்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிறு என் கணவர் எனக்குப் பெரிய உதவி செய்தார், அவருக்கே தெரியாமல். பள்ளி ஆண்டு விழா நடனத்தில் மகளைப் பின் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் சாப்பாட்டு மேஜையில் அதை விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கி, வார்த்தை உடைந்து, "மி... மிஸ் என்ன சொன்னாங்கன்னா..." என்று இழுத்தபோது, என் கணவர் உதட்டைப் பிதுக்கி, தோளைக் குலுக்கி, "மி... மி... மிஸ்," என்றார். அச்சு அசல். அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் அவர்கள் பிள்ளைகளும் வெடித்துச் சிரித்தார்கள். பாவம், பல வாரப் பட்டினி அவர்களுக்கு.

மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். "அப்பா, நான் இன்னும் சொல்லி முடிக்கல," என்றாள். அவர், "நா... நான் இன்னும்," என்று அதையும் செய்தார். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். "என்ன, ஒரு ஜோக்குகூடத் தாங்காதா?" என்றார் மேதை.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். "அப்பா ரொம்ப மோசம்," என்றாள். "நீ அவரைவிட நல்லா செய்வே," என்றேன். அடித்திருந்தால்கூட அப்படி நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்? மறுபடி சாரி சொல்லணுமா?"

"வேண்டாம் தாயே. உங்க அப்பா போனை எடுத்துட்டு வந்துடுவார். நாளையிலேர்ந்து பலகையில நீ உக்காரு. அவகிட்ட போய்க் கொஞ்சாதே, ஃப்ரெண்டு பிடிக்காதே. அவ எப்பவாவது பேசினா, முடிக்கிறவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. வார்த்தைய நீ எடுத்துக் குடுக்காதே. எடுத்துக் குடுக்கிறதும் ஒரு வகையில பிடுங்குறதுதான்."

"அவ பேசவே இல்லன்னா?"

"பேசாம இருக்கட்டும். அவ வாய், அவ இஷ்டம்."

மறுநாள் என் மகள் பலகையில் உட்கார்ந்தாள், மடியில் எல்லாருடைய பையும். நான் டிரைவர் பக்கத்துக்கு மாறினேன். சிம்மாசனம் காலியானதும் அதற்கு ஆள் தயார். நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன் கேம்ப் ரோடு சிக்னலில் எண்களைக் கத்த ஆரம்பித்தான், அந்தப் பெண்ணைப் பார்த்தபடி. "நிறுத்துடா," என்றாள் என் மகள். பழைய அதிகாரக் குரல்தான். அந்தக் குரலை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அது உபயோகப்பட்டது. அவன் நிறுத்தினான். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. என் மகளுக்கு முழங்காலில் நீலம் பாரித்தது. அந்தப் பெண்ணுக்கும் பாரித்திருக்கும், எதிரில் இடிபடுவது அவள்தானே.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒருநாள் ஆட்டோ சிக்னலில் சடக்கென்று நின்றது. பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தாடை முன்னால் வந்திருந்தது.

"உ... உ... உன்..."

ஆட்டோவில் ஒருவரும் அசையவில்லை. வெளியே எண்கள் குறைந்துகொண்டிருந்தன. என் மகள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் அந்த வார்த்தையைப் பிடிக்கத் துடிப்பது எனக்குத் தெரிந்தது. கேலிக்கோ உதவிக்கோ, இரண்டுக்கும் அவளுக்கு ஒரே வாய்தான். ஆனாலும் அவள் அதைப் பறிக்கவில்லை.

"உன் மு... மு... முழங்கால்..."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் பஸ் ஹாரன், வேன் ஹாரன், பைக் ஹாரன். டிரைவர் கியரைத் தொடவில்லை. தலையை வெளியே நீட்டி, "இன்னா அவசரம் இப்ப? பாப்பா பேசிக்கினு கீதுல்ல!" என்று கத்தினார். நான் இந்த ஊரில் யாரையும் லேசில் மெச்சுவதில்லை. அந்த மனிதரை அன்று மெச்சினேன்.

"...இ... இடிக்குது. ந... ந... நகருடி எருமை!"

என் மகள் நகர்ந்தாள். பைகளோடு சேர்ந்து நகர்ந்தாள்.

சாயங்காலம் அந்த அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தாள். என் மகளும் என்னோடு நின்றிருந்தாள். "மன்னிச்சுக்கோங்க. இத்தன நாள் கழிச்சு வாயத் தொறந்தவ, உங்க பொண்ணத் திட்டிட்டு வந்திருக்கா," என்றாள். அவள் முகத்தில் மன்னிப்பு கேட்கிற களையே இல்லை. கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்லைங்க. கேக் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க," என்றேன். பிறகு, கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன்: "டி.சி. விஷயம்?"

"அவளையே கேளுங்க."

அந்தப் பெண் கண்ணை மூடினாள். "ப... ப..." என்றாள். அவளுடைய மலை எழுத்து. "ப... படப்..." என்று வந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நாங்கள் மூன்று பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போய்த் திரும்பியும் வந்துவிட்டது. என் மகள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ப... படப்பைக்கு... போ... போகல," என்றாள் அந்தப் பெண்.